ஐயாயிரம் ரூபாய்க்குள் பேஸ் உள்ள ஹெட்போன்: எதை வாங்குவது, யாரிடம் வாங்கக் கூடாது?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அரிசி ஆலையில் வேலை. பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெரிதாக அடித்திருந்த வயர் ஹெட்போன் ஒன்றை வவுனியாவில் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினாராம். முதல் இரண்டு கிழமை நன்றாகத்தான் இருந்ததாம். இப்போது பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், சுத்தமாக இல்லை, பாடுகிறவரின் குரலும் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது, வயரை ஆட்டினால் சில நேரம் சரியாகிறது. இதற்கிடையில் தெரிந்த அண்ணன் ஒருவர் பெயர் பெற்ற கொம்பனியின் புளூடூத் ஹெட்போனைக் காட்டி, 'மாஸ்டர் கொப்பி, ஒரிஜினலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, 6,000 தந்தால் போதும்' என்றாராம். "என்னிடம் ஐயாயிரம்தான் இருக்கிறது. மிச்சத்தைக் கடன் வாங்கி இதை எடுக்கட்டுமா அண்ணா?" என்று கேட்கிறார்.

எடுக்க வேண்டாம் தம்பி. கடனும் வாங்க வேண்டாம். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னர் உங்கள் போனில் ஹெட்போன் குத்தும் ஓட்டைக்குள் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

குரலும் பேஸும் சேர்ந்து காணாமல் போகிறது, வயரை ஆட்டினால் வருகிறது என்றீர்கள் அல்லவா? அது பெரும்பாலும் ஹெட்போனின் பிழை அல்ல. பாட்டைப் பதிவு செய்யும்போது குரலையும் பேஸையும் அநேகமாக நடுவில் வைப்பார்கள். அதாவது இரண்டு காதுக்கும் ஒரே அளவில் அனுப்புவார்கள். வயரின் நுனியில் போனுக்குள் குத்துகிற ஜக்கில், கறுப்பு வளையங்களால் பிரித்த மூன்று அல்லது நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். அவற்றில் ஒன்று இரண்டு காதுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிப் போகிற வழி. அந்த இடத்தில் தொடுகை விட்டுப்போனால் இரு பக்கமும் ஒன்றாக உள்ள சத்தம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும், வேறுபடுகிற சத்தம் மட்டும் மிஞ்சும். கிணற்றுக்குள் கேட்பது போல இருப்பது அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு முதல் காரணம் புழுதி. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில், கிளிநொச்சியில் நான் திருத்து வேலை செய்கிற மேசைக்கு வருகிற போன்களின் ஜக் ஓட்டையில் செம்மண்ணும் சட்டைப்பை நூலும் அமுங்கிக் கட்டியாகக் கிடக்கும். போனை நிறுத்திவிட்டு, ஓர் ஈர்க்கின் நுனியில் பஞ்சை மெல்லியதாகச் சுற்றி, உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். ஊசியோ கம்பியோ விடாதீர்கள், உள்ளே இருக்கிற மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். பிறகு ஜக்கைக் கடைசியில் 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். தடித்த போன் கவர் போட்டிருந்தாலும் ஜக் முழுதாக இறங்காது, அதையும் கழற்றிப் பாருங்கள். வேறு போனில் குத்தியும் இதே கதை என்றால் ஜக்குக்குப் பக்கத்தில் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. புது ஜக் வைத்து ஈயம் ஒற்றினால் சரி.

இதைச் செய்தும் மனம் நிறையவில்லை, புதிது வேண்டும் என்றால், பேஸ் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலம், கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில்தான் ரேடியோ பாடும். அந்தச் சின்ன ஸ்பீக்கரைத் தனியே பிடித்தால் தகரம் தட்டுவது போலக் கேட்கும். என் மூத்த அண்ணன் அதை ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்து, விளிம்பைச் சுற்றி ஈரத்துணி திணிப்பார். உடனே சத்தம் கனக்கும், பானையில் கை வைத்தால் அதிரும். துணி ஒரு பக்கம் விலகினால் திரும்பவும் தகரம்தான். ஸ்பீக்கரும் அதே, டைனமோவும் அதே. காற்றுத் தப்பினால் பேஸும் தப்பிவிடும், அவ்வளவுதான்.

ஹெட்போனிலும் இதே கதை. உங்கள் காசுக்கு, காதுத் துளைக்குள் ரப்பர் முனையோடு இறங்குகிற வயர் இயர்போனைத்தான் சொல்வேன். காதே பானை, ரப்பர்தான் ஈரத்துணி. தலைக்கு மேலால் போடுகிற ஹெட்போனில் பஞ்சு வளையம் காதைச் சுற்றி முழுதாகப் படிய வேண்டும். மலிவு வகைகளில் அது படியாது. போதாததற்கு எங்கள் வெயிலிலும் வியர்வையிலும் அந்தச் செயற்கைத் தோல் ஒரு வருடத்துக்குள் உரிந்து கொட்டிவிடும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு வழியே காற்றுத் தப்பும். காதின் வாசலில் சும்மா தொங்குகிற, ரப்பர் இல்லாத வகை பேஸ் பிரியருக்கு ஆகாது.

ரப்பர் முனை பெட்டியில் மூன்று அளவில் வரும். பெரும்பாலானோர் ஏற்கெனவே மாட்டியிருக்கிற நடு அளவோடு நின்றுவிடுகிறார்கள், மற்ற இரண்டும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடக்காதுக்கு ஓர் அளவும் வலக்காதுக்கு வேறு அளவும் பொருந்துவது சாதாரணம். மறு கையால் காதை மேலே, பின்னால் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு முனையை இறக்குங்கள். பிறகு வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுங்கள். உங்கள் குரல் மண்டைக்குள்ளே முழங்கினால் அடைப்புச் சரி. வெளியே பேசுவது போலவே கேட்டால் காற்று ஓடுகிறது. இந்த ஒரு சோதனையால், பேஸ் இல்லை என்று திருப்பிக் கொடுக்க வந்த பலரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியில் உள்ள எண்களை நம்பி வாங்காதீர்கள். '20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்' என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். மனிதக் காது கேட்கும் எல்லை அது. எந்த இடத்தில் எவ்வளவு பலமாக வரும் என்பதைப் பெட்டி சொல்லாது. 'டிரைவர்', அதாவது உள்ளே சத்தம் எழுப்புகிற சின்ன ஸ்பீக்கர், பெரிதென்றால் பேஸ் கூடும் என்பதும் அப்படியே நம்பத்தக்கதல்ல, நன்றாகச் செய்த 10 மில்லிமீற்றர் டிரைவர் காதை அடைத்து உட்கார்ந்தால், ஓட்டை விழுந்த 40 மில்லிமீற்றரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். '9டி' என்று வெறும் விளம்பரச் சொல் அடித்திருந்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

கடையில் நின்று கேட்கும்போது கோயில் தவில் ஒன்று போட்டுக் கேளுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருக்கிற எவருக்கும் தவில் எப்படி நெஞ்சில் அடிக்கும் என்று தெரியும். தொப்பிப் பக்கத்தில் கழி விழுகிற அடியும், அதன் பின் வருகிற முழக்கமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மற்றப் பக்கமான வலந்தலையில் விரல்கள் ஓடுவது அதற்குள் அமுங்கிப் போகக் கூடாது. எல்லாம் ஒரே 'பூம்' என்று குழைந்தால் அது பேஸ் இல்லை, வீக்கம்.

பெயர் கேட்பீர்கள். சீனாவின் கேஇசட் (KZ) கொம்பனியின் மலிவு இயர்போன்கள், குறிப்பாக இடிஎக்ஸ் புரோ (EDX Pro), பேஸ் தூக்கலாக வைத்துச் செய்தவை. வெளிச்சந்தையில் பத்து டொலர் அளவில் வருகிறவை. அவற்றின் பெரிய நன்மை வயரைக் கழற்றலாம் என்பது. இங்கே முதலில் சாவது வயர்தான், வயர் செத்தால் வயரை மட்டும் மாற்றுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் இதில்தான் அதிகம். நாளைக்கு நீங்கள் போன் மாற்றி, அதில் உருண்டை ஓட்டை இல்லாமல், சார்ஜ் குத்துகிற டைப்-சி ஓட்டை மட்டும் இருந்தால் நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும், ஆனால் இரண்டு சாதி உண்டு. சில போன்கள் அந்த டைப்-சி வழியாகவே அனலொக் சத்தத்தை, அதாவது ஹெட்போன் நேரடியாக வாங்கிப் பாடக்கூடிய மின் அலையை, வெளியே விடும். அவற்றுக்கு வெறும் வயர் அடாப்டர் போதும். பல போன்கள் சத்தத்தை டிஜிட்டலாக, அதாவது வெறும் எண்களாக மட்டும்தான் விடும். அதைச் சத்தமாக மாற்ற டிஏசி (DAC) என்ற சின்ன சிப் அடாப்டருக்குள் இருக்க வேண்டும். வெறும் வயரை இரண்டாவது வகைப் போனில் குத்தினால் ஹெட்போனில் ஒன்றுமே வராது, பாட்டு போனின் ஸ்பீக்கரிலேயே ஓடும். உடனே 'உங்கள் ஹெட்போன் பழுது, புதிது எடுங்கள்' என்பார் கடைக்காரர். ஆகவே 'டிஏசி உள்ளது' என்று வாயால் கேட்டு வாங்குங்கள். அது அநேகமாக இரண்டு வகைப் போனிலும் ஓடும். அதிலும் ஒரு சிக்கல், ஆப்பிளின் சின்ன டைப்-சி அடாப்டர் தரமானதுதான், ஆனால் பல அண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும். ஆகவே வேறு எவருடைய போனிலும் போட்டுக் காட்ட விடாதீர்கள். உங்கள் போனைக் கடைக்குக் கொண்டுபோய், உங்கள் போனில், உங்கள் இயர்போனைக் குத்திக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

சரி, இனி அந்த அண்ணன். எனக்கு வயிறு எரிகிற இடம் இது.

'மாஸ்டர் கொப்பி' என்று ஒரு தரம் உலகத்தில் கிடையாது. அது கள்ளச் சாமானுக்கு இடைத்தரகர்கள் வைத்த மரியாதைப் பெயர். சென்ற வருடம் ஒரு பொடியன் அப்படி வாங்கிய ஹெட்போனைக் கொண்டுவந்தான். கையில் எடுத்தால் நல்ல பாரம், தொட்டால் ஒரிஜினல் போலவே. திருகாணி கழற்றினேன். ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. பாரத்துக்காக மட்டும். டிரைவர், பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு விற்கிற மிக மலிந்த ஹெட்போனில் வருவது. அதைச் சுற்றிப் பஞ்சும் இல்லை, அடைப்பும் இல்லை. அந்தப் பொடியன் மூன்று நாள் வயல் வேலை செய்த காசு அது. இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஜேபிஎல் கொம்பனியின் டியூன் 510பிடி என்ற புளூடூத் ஹெட்போன் 2021இல் வந்தபோது அறிமுக விலை 50 டொலர். டொலர் ஏறக்குறைய 300 ரூபாய் என்றால் 15,000. அதற்கு மேல் இறக்குமதிச் செலவு, 18 வீத வற் வரி. அதே பெயரைப் புதிதாக 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்பவர் எங்கிருந்து தருகிறார்? போனில் பெயர் சரியாகக் காட்டுகிறது என்பதும் சாட்சியல்ல. புளூடூத் பெயரை எவரும் எப்படியும் வைக்கலாம். ஆப்பிளின் எயர்பொட்ஸ் இயர்போன் போலச் செய்த கள்ளச் சாமானின் மூடியைத் திறந்தால் ஐபோனில் ஒரிஜினல் போலவே படம் எழும்புகிறது.

முகம் தெரியாத இணையப் பக்கங்களில் 'காசு சாமான் வந்த பிறகு' என்று விற்பவர்களும் இதே கூட்டம்தான். பார்சலைத் திறக்க முன்னர் காசு வாங்கிவிடுவார்கள். 'ஆறு மாத வாரண்டி' என்பார்கள், ஆறு கிழமையில் அந்தப் பக்கத்தின் பெயரே மாறியிருக்கும். தெரிந்த அண்ணன்மார் இன்னும் மோசம், ஏனென்றால் உறவைக் கெடுக்க வேண்டாம் என்று நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம்.

வாரண்டி என்றால் யாருடைய வாரண்டி என்று கேளுங்கள். கடை வாரண்டி என்றால் கடைக்காரரின் மனம்தான் வாரண்டி. கொம்பனி முகவரின் வாரண்டி நல்லது, ஆனால் திருத்துமிடம் கொழும்பில். கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு வாடிக்கையாளருக்காக நானே பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். ஏழு கிழமை கழித்து, 'தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது' என்ற துண்டோடு திரும்பி வந்தது. அது மழை இல்லாத மாதம், உள்ளே ஈரத்தின் அடையாளமே இல்லை. ரயில் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது, ரோட்டு போட்டாயிற்று, எல்லா விளம்பரமும் எங்கள் சந்திகளில் தொங்குகிறது. விற்க மட்டும் நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், திருத்த வேண்டும் என்றால் தூரமாகிவிடுகிறோம். இதை எத்தனை வருடத்துக்குச் சொல்வது?

ஆகவே பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடையின் பெயர், திகதி, சாமானின் மொடல் எண், விலை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் உண்டு. ஆனால் எங்கள் கடைகளில் பில் கேட்டால் சண்டைக்கு வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

இன்னொன்று, ஆலையில் மெஷின் சத்தத்துக்கு மேலால் பாட்டுக் கேட்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சத்தம் 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்று. மெஷினை அமுக்கப் பாட்டைக் கூட்டினால் அந்த அளவைச் சட்டென்று தாண்டிவிடுவீர்கள். வீட்டுக்கு வருகிற வழியில் காவலில்லாத ரயில் கடவை இருந்தால் இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். நன்றாக அடைக்கிற இயர்போனில் ஹோர்ன் கேட்காது.

அந்த 3,500 ரூபாய் ஹெட்போனை எறிந்துவிடாதீர்கள். முதலில் ஈர்க்கும் பஞ்சும். அதற்கும் சரிவராவிட்டால் கிளிநொச்சிப் பக்கம் வருகிற நாளில் கையோடு எடுத்து வாருங்கள், போனையும் சேர்த்து. ஜக்கை வெட்டிப் புதிது வைத்துப் பார்ப்போம்.