கொத்தமல்லியும் துணி சோப்பும்

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது. புகுந்த வீடு கும்பகோணம் பக்கம். கொத்தமல்லித் தழை தூவாமல் இந்த வீட்டில் எதுவும் அடுப்பைவிட்டு இறங்காது. ரசம், சாம்பார், கடப்பா, நீர்மோர் எதுவும் பாக்கியில்லை. எனக்கோ அது பல்லில் பட்டாலே துணி சோப்பைக் கடித்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி ஓரமாக வைப்பேன். ஆனால் கொத்தமல்லித் துவையலைச் சாப்பிட முடிகிறது. தனியா வறுத்து அரைத்த குழம்பும் பிடிக்கும். “துவையல் மட்டும் இறங்குதாக்கும், எல்லாம் பிகு” என்கிறார் என் மாமியார். இப்போது எனக்கே சந்தேகமாகிவிட்டது. இது நிஜமா, மனப்பிரமையா? (என் பெயரைப் போட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

நிஜம்தான். உங்கள் மாமியார் உங்களுக்கு எதிராகச் சொல்லும் அந்தத் துவையலே உங்கள் பக்கத்துச் சாட்சி.

நான் கொத்தமல்லிக் கட்சி. காய் வாங்கிவிட்டு ஒரு கொத்து கொசுறாகக் கிடைக்காவிட்டால் அன்றைக்குக் கடைக்காரரோடு முகம் கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் வலங்கைமான் பக்கத்தில் எனக்கு ஒரு அத்தை இருந்தார். ரசத்தில் தழை மிதந்தாலே, “நாவாய்ப்பூச்சி நாத்தம்டா” என்று டம்ளரைத் தள்ளிவிடுவார். நெல் பால் பிடிக்கும்போது கதிரில் உட்கார்ந்து உறிஞ்சிப் பதராக்குமே, அந்தக் கதிர்நாவாய்ப் பூச்சி. அது விழுந்த வயலைக் கண்ணை மூடிக்கொண்டு வரப்பில் போனாலும் நாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம். நாங்கள் பிள்ளைகள் சும்மா இருப்போமா? அவருடைய மோரில் ஒரு இலையைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். சரி, அது பாவக் கணக்கில் இருக்கட்டும்.

அத்தை சொன்னது வெறும் வசவு இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பச்சைத் தழையின் வாசனை பெரும்பாலும் ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்களால் வருவது. சோப்பின் வாசனையிலும் அந்த வகை உண்டு, இந்தப் பூச்சிகள் பீய்ச்சும் நாற்றத்திலும் உண்டு. ஆங்கிலத்தில் கொத்தமல்லிக்கு இருக்கும் ‘கோரியாண்டர்’ என்ற பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கிரேக்க நாட்டிலும் ஒரு அத்தை இருந்திருக்கிறார்.

2012இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களைப் பார்த்தார்கள். தழை சோப்பு மாதிரி இருக்கிறது என்றவர்களிடம் வாசனை உணரும் மரபணுக்கள் இருக்கும் ஓர் இடத்தில் வித்தியாசம் தெரிந்தது. அங்கே இருக்கும் ஓஆர்6ஏ2 என்ற மரபணு, ஆல்டிஹைடுகளை மோப்பம் பிடிக்கும் ஏற்பிக்கு உரியது. ஆக, குற்றவாளி நாக்கு இல்லை, மூக்கு. ஆனால் எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டவும் முடியாது. அதன் பங்கு சிறியது என்று அந்த ஆய்வே சொல்கிறது. பழக்கமும் சேர்கிறது. அதே ஆண்டு கனடாவில் இளைஞர்களிடம் கேட்டபோது, கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம் பேர் பிடிக்காது என்றார்கள், தெற்காசிய வம்சாவளியினரில் 7 சதவீதம். அந்தக் கணக்கை அப்படியே கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாதுதான். ஆனாலும் நூறு பேர் உட்காரும் பந்தியில் நாலைந்து பேராவது இலை ஓரத்தில் தழையை ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது துவையல். தழையை அரைக்கும்போது இலைக்குள் இருக்கும் நொதிகள் வெளியே வந்து ஆல்டிஹைடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசனையில்லாத வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. வதக்கி அரைத்தால் சூட்டிலும் பாதி போய்விடும். தனியாவின் கதையே வேறு. காய் முற்றிக் காய்ந்துவிட்டால் அதில் லினலூல் என்ற எண்ணெய்ப் பொருள்தான் ஓங்கி நிற்கும், தழை நாற்றம் இருக்காது. ஒரே செடிதான், ஆனால் உங்கள் மூக்குக்கு அவை இரண்டு சரக்கு. துவையல் இறங்கி ரசம் இறங்காதது பிகுவாக இருந்தால், நீங்கள் வேதியியல் படித்துவிட்டுப் பிகு பண்ணுகிறீர்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மரபணு என்று ஆரம்பித்தால், “உங்க வீட்டு வம்சமே அப்படித்தானா?” என்று பேச்சு வேறெங்கோ போய்விடும். ரசம் நுரை கட்டியதும், தழை தூவுவதற்கு முன்னால், உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்கும் அதேதான். கடப்பாவுக்குத் தழை வேண்டாம் என்று கும்பகோணத்தில் வாய் திறக்காதீர்கள், அதிலும் முன்னாலேயே ஒரு கரண்டி. நீர்மோரில் மட்டும் எல்லோருக்கும் சேர்த்து முதலிலேயே கிள்ளிப் போட்டுவிடுவார்கள். அதை நீங்களே கரைக்கிறேன் என்று முந்திக்கொள்ளுங்கள்.