எந்த டேட்டாபேஸில் நிற்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் கமாண்ட் லைனில் ‘கிரியேட் டேட்டாபேஸ் கணக்கு;’ என்று அடித்தேன். ‘குவெரி ஓகே’ வந்தது. உடனே டேபிள் உருவாக்கப் போனால், பிழை 1046, ‘நோ டேட்டாபேஸ் செலக்டட்’ என்கிறது. இப்போதுதானே உருவாக்கினேன்? பேசாமல் மவுஸால் கிளிக் செய்யும் கருவிக்கே போய்விடவா? கட்டளைகளைப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

கட்டளைக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸில் டேட்டாபேஸ், டேபிள் பெயர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கிளிக் கருவியைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். டேட்டாபேஸை உருவாக்குவது வேறு, அதற்குள் போய் நிற்பது வேறு. 1046-க்கு ‘யூஸ் கணக்கு;’ என்ற ஒரு வரி போதும். ‘டேட்டாபேஸ் சேஞ்ச்டு’ என்று வரும்.

என்னை எழுத வைத்தது ‘இப்போதுதானே உருவாக்கினேன்’ என்ற உங்கள் கோபம். அது சோம்பேறித்தனத்தின் கோபம், எம். ஒரே சர்வரில் பத்து டேட்டாபேஸ் இருக்கும்போது எதில் எழுதுவது என்று அதுவாக ஊகிக்கக் கூடாது. தெரியவில்லை என்று சொல்லி நின்றதே, அதற்கு நன்றி சொல்லுங்கள்.

என்னை அது நிறுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. திரையில் இரண்டு ஜன்னல்கள்: ஒன்றில் சோதனை டேட்டாபேஸ், மற்றதில் லைவ், அதாவது நிஜ வேலை நடக்கும் டேட்டாபேஸ். இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு டேபிள். இரண்டிலும் ‘மைஎஸ்கியூஎல்>’ என்ற அதே குறி. லைவில் யூஸ் போட்டு வைத்தவன் நான்தான். அந்த ஜன்னலில் ‘டிராப் டேபிள்’ அடித்து என்டரைத் தட்டினேன். ‘குவெரி ஓகே, 0 ரோஸ் அஃபெக்டட்.’ பாதிக்கப்பட்ட வரிசைகள் பூஜ்யமாம். அந்தப் பூஜ்யத்தை இன்றும் மறக்க முடியவில்லை. டேபிளே போய்விட்டிருந்தது. செய்ததை ரத்து செய்யும் ரோல்பேக் கட்டளைகூட டிராப் டேபிளைத் திருப்பித் தராது. முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றினோம். அன்றைய பகலின் பதிவுகளை, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு பேர், காகிதங்களைப் பார்த்து இரவு வெகுநேரம் வரை மறுபடி தட்டினார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே உங்களை நான் திட்டுகிறேன். எதையும் அழிக்கும் முன் ‘செலக்ட் டேட்டாபேஸ்();’ அடியுங்கள். நிற்கும் இடத்தின் பெயர் வரும். எங்கும் நிற்கவில்லை என்றால் ‘நல்’ (NULL), அதாவது ஒன்றுமில்லை என்று வரும். அதைவிட நல்லது, ‘ப்ராம்ப்ட்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பின்சாய்கோடும் (\) சிறிய ‘டி’யும் (d) ‘>’ குறியும் போடுவது. அதன்பின் ஒவ்வொரு வரியின் முன்னாலும் டேட்டாபேஸின் பெயர் நிற்கும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி இதைக் கேட்காமலே காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளின் கமாண்ட் லைன் கருவியான பிஎஸ்கியூஎல்லும் அப்படித்தான்.

இன்றே செய்யுங்கள். திரையில் ‘கணக்கு>’ என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.