ரஷ்யப் பெயர்களில் மாட்டிக்கிட்டவருக்கு

தஸ்தயேவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' நாவல் படிச்சுட்டு இருக்கேன், யார் யாருன்னே புரியல, மூடி வெச்சிடலாமான்னு கேட்டிருந்தீங்க. மூடாதீங்க. ஆளுங்க ஒண்ணும் அவ்வளவு அதிகம் இல்ல, ஒரே ஆளுக்கு மூணு நாலு பெயர், அதுதான் வம்பு. கதாநாயகனோட முழுப் பெயர் ரோதியன் ரொமானவிச் ரஸ்கோல்னிகவ். இதுல நடுவுல இருக்கறது அப்பா வழியா வந்த பெயர். அப்பா ரொமான், அதனால மகன் ரொமானவிச், மகள் ரொமானவ்னா. (நம்ம இனிஷியலும் அப்பாதானே!) மரியாதையா பேசறவங்க முதல் ரெண்டையும் சேர்த்துக் கூப்பிடுவாங்க. அம்மா, தங்கச்சி, நண்பன் மாதிரி நெருங்கினவங்களுக்கு அவன் ரோத்யா. அவதோத்யா ரொமானவ்னா, துனியா ரெண்டும் அவன் தங்கச்சிதான். புக்மார்க் அட்டையில ஆளுக்கு ஒரு வரி எழுதி வெச்சுக்குங்க. முதல் பாகத்துல அம்மா எழுதற நீளக் கடிதத்தை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. துனியாவுக்கு என்ன நடந்துச்சு, லூஷின் யாரு, எல்லாம் அதுலயே இருக்கு.