'பிபெட்' பூய்க்-ஓபேர்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: 13 பேர் ஆடும் ரக்பி லீக்கில் ஆஸ்திரேலியாவை அவங்க ஊர்லயே பிரான்ஸ் தோற்கடிச்சிருக்காமே, நிஜமா?

பதில்: நிஜம்தாங்க. 1951-ல், மூன்று டெஸ்ட்டில் 2–1. பிரான்ஸ் கேப்டன் பூய்க்-ஓபேர் ஐந்தரை அடி உயரம், உருண்டை உடம்பு. பார்த்தால் விளையாட்டு வீரர் என்றே சொல்லமாட்டீர்கள். அந்த மூன்று டெஸ்ட்டிலும் கோலுக்கு 18 முறை உதைத்தார், பதினெட்டும் உள்ளே. சிட்னியில் நடந்த முதல் டெஸ்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 26–15. அப்போது ஒரு டிரைக்கு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) 3 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கோலுக்கு 2. பிரான்ஸ் போட்டது 4 டிரை, அதாவது 12 புள்ளி. மீதி 14-ம் இவர் கால் தந்தது. பிரிஸ்பேனில் 11–23 என்று உதை வாங்கினார்கள். அந்த 11-லும் 8 இவருடையது. மறுபடி சிட்னியில் 35–14. திரும்பி வந்தபோது மார்செய் நகரமே தெருவில் திரண்டு நின்றது.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே லீக் ஆட்டக்காரரா?

பதில்: இல்லை. 1944-ல் பெர்பின்யோன் அணியோடு 15 பேர் ஆட்டத்தில், அதாவது ரக்பி யூனியனில், பிரெஞ்சு சாம்பியன். அதன்பின் கர்கசோன் அணிக்குப் போய் 13 பேர் ஆட்டமான லீக்குக்கு மாறிவிட்டார். அங்கே அவர் காலத்தில் கோப்பைகள் குவிந்தன. ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1941-ல் 13 பேர் ஆட்டத்தையே தடைசெய்து, சங்கத்தின் சொத்தையும் பிடுங்கிக்கொண்டது. தடை நீங்கிய பிறகும் 'ரக்பி' என்ற பெயரை அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற 1991 வரை ஆனது. பெயர்கூட இல்லாத ஆட்டத்திலிருந்து வந்தவர்தான் 1951-ல் பிரான்ஸ் முழுக்கக் கொண்டாடிய நாயகன்.

கேள்வி: ஆட்டத்துக்கு நடுவில் சிகரெட் பிடிப்பாராமே?

பதில்: 'பிபெட்' என்ற பட்டப்பெயரே சிகரெட்டால் வந்ததுதான். பந்து எதிர்முனையில் இருக்கும்போது வேலியோரம் போய் ரசிகரிடம் ஒரு இழுப்பு வாங்குவார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கும்; ஆனால் புகைத்தது பொய்யில்லை.

கேள்வி: கடைசியில் நின்று தடுக்கும் ஃபுல்பேக்தானே, டாக்கிள் (பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) எப்படி?

பதில்: அதை மட்டும் கேட்காதீர்கள்! டாக்கிளும் பிடிக்காது, பயிற்சியும் பிடிக்காது. எதிரில் நின்ற ஆஸ்திரேலியக் கேப்டன் கிளைவ் சர்ச்சிலும் ஃபுல்பேக்தான். அவர் காற்றாய் ஓடி, விழுந்து தடுப்பவர். சர்ச்சில்தான் முழுமையான ஆட்டக்காரர், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொடர் யார் கையில் போனது?

கேள்வி: உலகக்கோப்பை?

பதில்: முதல் உலகக்கோப்பை 1954-ல் பிரான்சிலேயே நடந்தது. இவர்தான் கேப்டன். இறுதி ஆட்டம் பாரிஸ் பார்க் தே பிரான்ஸ் மைதானத்தில். முன்னணி வீரர்கள் பலர் இல்லாமல் வந்த பிரிட்டனிடம் 12–16 என்று கோட்டைவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஆட்டம், ஆனாலும் அந்த 4 புள்ளியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும்.