‘மனிதக் கேடயம்’ வாதத்துக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் இணையத்தில் ஒருவரின் உரைகளை விடாமல் கேட்கிறான். ஜிஹாதில் பொதுமக்கள் இறந்தாலும் குற்றமில்லை, இடைக்கால மார்க்க அறிஞரான இமாம் கஸ்ஸாலியே அனுமதித்திருக்கிறார் என்கிறான். ‘இஸ்லாம் அமைதி மார்க்கம்’ என்றால் காதில் வாங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: மகன் மார்க்கச் சட்டம் பேசுகிறான். நீங்களும் அதைக் கொண்டே பேசுங்கள்.

அவன் சொல்வது ‘ததர்ருஸ்’, அதாவது மனிதக் கேடயம் பற்றிய சட்டம். எதிரிப்படை முஸ்லிம் கைதிகளை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்தால் தாக்கலாமா என்பதே அங்கே கேள்வி. கஸ்ஸாலி அதற்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்தார். வேறு வழியே இருக்கக் கூடாது. தாக்காவிட்டால் அழிவு உறுதி என்று தெரிய வேண்டும். அந்த அழிவு சமுதாயம் முழுவதையும் சூழ்வதாக இருக்க வேண்டும். எதிரி கோட்டைக்குள் இருந்துகொண்டு ஒரு முஸ்லிமைக் கேடயமாக்கினால் தாக்கக் கூடாது என்கிறார் அவரே. அந்தக் கோட்டையைப் பிடித்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தையில் குண்டு வைப்பவனுக்கு இவற்றில் எது பொருந்துகிறது? இதை மகனிடம் கேளுங்கள், அவனே யோசிக்கட்டும்.

அடுத்து, சய்யித் இமாம் அல்-ஷரீஃபைப் பற்றிச் சொல்லுங்கள். எகிப்தின் ஜிஹாத் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர், பின்னாளில் அல்-கைதாவின் தலைவரான அய்மன் அல்-ஜவாஹிரியின் பழைய தோழர். போராளிகள் பாடமாகப் படித்த நூல்களை எழுதிய அவரே 2007இல் எகிப்தியச் சிறையிலிருந்து மறுப்பு எழுதினார். விசா என்பது பாதுகாப்பு ஒப்பந்தம். அதைப் பெற்று ஒரு நாட்டுக்குள் போனவன் அங்குள்ளவர்களைக் கொல்வது துரோகம் என்றார். முஸ்லிம் நாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்றார். 1997இல் எகிப்தின் லக்சரில் சுற்றுலாப் பயணிகள் உட்பட 62 பேர் கொல்லப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

ஜவாஹிரி 2008இல் ஒரு நூலே எழுதி மறுத்தார். விசா அத்தகைய ஒப்பந்தமே அல்ல என்பது அவர் வாதம். சிறையில் எழுதியதை நம்பலாமா என்று உங்கள் மகனும் கேட்பான். நியாயமான கேள்விதான், தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் 1111இல் மறைந்த கஸ்ஸாலியை எந்த எகிப்தியச் சிறையும் மிரட்டவில்லை. ‘உங்களுடன் போரிடுவோருடன் போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள்’ என்ற குர்ஆன் வசனமும் (2:190) அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, உங்களுக்கே நேரடியாகப் பொருந்துவது. ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று நபிகள் நாயகம் கேட்டார். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிசெய்வதில் பாடுபடுமாறு திருப்பி அனுப்பினார். நபிமொழித் தொகுப்பான புகாரியில் உள்ள ஹதீஸ் இது. பெற்றோரின் அனுமதியை அல்-ஷரீஃபும் நிபந்தனையாகவே எழுதினார். உங்கள் ஊர் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, மகனோடு உட்கார்ந்து இதை வாசியுங்கள்.