பிக்கப்பில் லோடு: எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம்

கேள்வி: அண்ணே, பட்டர்வொர்த்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். வாரக் கடைசியில் அண்டா, அடுப்பு, கேஸ் தோம்பு (சிலிண்டர்) எல்லாம் ஏற்றினால் என் இரட்டைக் கேபின் பிக்கப் சொகுசாக ஓடுகிறது. மற்ற நாளில் காலியாகப் போனால் பின்பக்கம் குதிக்கிறது, மழையில் வளைவில் இழுக்கவும் செய்கிறது. நாலு மூட்டை சிமெண்டை நிரந்தரமாகப் போட்டு வை என்கிறார் மச்சான். டீசலுக்கு அவரா காசு கொடுப்பார் என்று கேட்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, முக்கால் பங்கு உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. மச்சான் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. பிக்கப்பின் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். ஒரு டன்னை ஒட்டிய சுமையைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அதனால் காலியாக ஓடும்போது அமுங்க ஒன்றும் இல்லாமல் விறைத்துக்கொண்டு குதிக்கிறது. வழுக்குவதற்கும் அதேதான் காரணம்: என்ஜின் முன்னால், அது தள்ளுவது பின் சக்கரத்தை, அந்தச் சக்கரத்தின் மேல் எடையே இல்லை. பினாங்குப் பாலத்தை விட்டு இறங்கும் வளைவில் ஈரத்தோடு கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் போதும், பின்பக்கம் தனி வழி பார்க்கும். அதற்காக நாலு சக்கரத்தையும் என்ஜின் தள்ளும் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள், பெரும்பாலான பிக்கப்களில் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

சிமெண்டை யோசிக்கும் முன் டயர் காற்றைப் பாருங்கள். லோடுக்காக ஏற்றிய காற்றோடு வாரம் முழுக்கக் காலியாக ஓட்டுகிறவர்கள்தான் அதிகம், குதியலில் பாதி அங்கேயே இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலிக்கும் முழு லோடுக்கும் தனித்தனி அளவு போட்டிருந்தால் அதன்படி மாற்றுங்கள், டயர் சூடேறும் முன்பாக.

அதற்குப் பிறகும் எடை வேண்டும் என்று தோன்றினால் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். மூட்டை ஒன்று 50 கிலோ, நம்ம ஊர் மழையில் நாலும் பாறையாகி இறக்கவே முடியாமல் போகும். மணல் மூட்டை பரவாயில்லை, ஆனால் அதுவும் தண்ணீர் குடித்து எடை கூடும், அடியில் ஈரம் தங்கித் தகடு துருப்பிடிக்கும். தார்பாய் பையில் கட்டி, கீழே ரப்பர் விரிப்புப் போட்டு, இரண்டு மூட்டையோடு நிறுத்துங்கள். கட்டாயம் கட்டி வைக்க வேண்டும். பின்தொட்டிக்குப் பிளாஸ்டிக் உறை (லைனர்) போட்ட வண்டியில் 50 கிலோ மூட்டை சோப்பு மாதிரி வழுக்கும், சடன் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், மூட்டை நிற்காது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் அதுதான் பெரிசு. அண்டாவை எங்கே வைக்கிறீர்கள்? இறக்குவதற்கு வசதி என்று பின்கதவு ஓரத்தில் வைக்கிறவர்கள்தான் நிறையப் பேர். இரட்டைக் கேபின் வண்டியில் பின்தொட்டி சின்னது, அதன் நடுப்பகுதியே பெரும்பாலும் பின் அச்சுக்குச் சற்றுப் பின்னால்தான் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி, பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 200 அல்ல, ஏறக்குறைய 267. மிச்சம் 67 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து பிடுங்கியது. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள், முன் டயரின் பிடி போய்விட்டது என்று அர்த்தம். விளக்கும் மேலே தூக்கிக்கொண்டு எதிரில் வருகிறவர் கண்ணைக் குத்தும் (டேஷ்போர்டில் விளக்கைத் தாழ்த்தும் சக்கரம் இருந்தால் திருப்பி விடுங்கள்). இப்படியே வருடக்கணக்கில் அளவுக்கு மேல் பின்னால் ஏற்றிப் பள்ளத்திலும் மேட்டிலும் அடித்தால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸே வளையும், அந்தச் செலவுக்கு ஒரு கல்யாண ஆர்டர் போதாது.

ஆகவே கனமானது எல்லாம் கேபின் சுவரை ஒட்டி, தரையோடு, கயிறோ ராட்செட் பெல்ட்டோ போட்டு. வாழை இலைக்கட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் போகட்டும். கேஸ் தோம்பில் கேஸ் மட்டும்தான் 14 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதை நிமிர்த்தித்தான் கட்ட வேண்டும். ஒரு டன் தாங்கும் என்ற கணக்கில் நீங்களும் உட்பட ஐந்து ஆளும் சேர்த்தி என்பதை மறக்க வேண்டாம், சமையல்காரர்கள் ஒல்லியாக இருப்பதில்லை.

கேள்வி: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். 500 லிட்டர் தொட்டியை நண்பரின் பிக்கப்பில் ஏற்றலாமா? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: எடை பிரச்சினை இல்லை, தண்ணீரே 500 கிலோ, தொட்டியோடு கொஞ்சம் கூடும், வண்டி தாங்கும், கூடவே நாலு பேரை ஏற்றாதவரை. பாதி நிரப்பிக்கொண்டு போவதுதான் ஆபத்து. உள்ளே தண்ணீர் அலையடித்து, பிரேக் போட்டால் முன்னால் தள்ளும், வளைந்தால் வெளிப்பக்கம் சாய்க்கும். ஒன்று விளிம்புவரை நிரப்புங்கள், அல்லது காலியாகக் கொண்டுபோய் அங்கே குழாயில் பிடியுங்கள். முடிந்தால் பெரிய தொட்டியை விட்டுவிட்டு மூடியுள்ள சின்ன டிரம்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தூக்கி இறக்கவும் ஆள் கிடைக்கும். தேங்காய் மூட்டையும் அதே வண்டியில் என்றால் இரண்டு நடையாகப் போங்கள்.

கேள்வி: பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் டீசல் மிச்சமாகுமாமே? (பிறை வாசகர்)

பதில்: ஆகாது. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக நின்றுகொள்ளும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்து இழுப்பு கூடவும் செய்யலாம். மிச்சம் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் பின்னால் மாதக்கணக்காகக் கிடக்கிற பழைய இரும்பை முதலில் இறக்குங்கள்.