உயரமான மலைப்பகுதியில் வாழ்வது கருவின் வளர்ச்சியைப் பாதிக்குமா?

பாதிக்கும். உயரம் 1000 மீட்டர் கூடுந்தோறும் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவுக்குக் குறைகிறது. குறைமாதப் பிரசவமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைகளிடமும் இந்தக் குறைவு தெரிகிறது, அதுவும் பெரும்பாலும் கரு வேகமாகச் சதைபிடிக்க வேண்டிய கடைசி மூன்று மாதங்களில்தான் உண்டாகிறது.

பொலிவியாவின் லா பாஸ் நகரம் சுமார் 3600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தாயின் மூச்சு வேகம் கூடியும் ஹீமோகுளோபின் உயர்ந்தும் இதைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. ஆகவே, இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைவிட, கருப்பையைச் சென்றடையும் இரத்தத்தின் அளவையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. கர்ப்பத்தில் கருப்பைத் தமனி நன்றாக விரிந்து நஞ்சுக்கொடிக்கு இரத்தத்தைப் பாய்ச்சும். உயரத்தில், குறிப்பாகச் சமவெளி வம்சத்தவரிடம், அந்த விரிவு குறைந்துவிடுகிறது.

அதே லா பாஸில், தலைமுறை தலைமுறையாக ஆண்டீஸ் மலையில் வாழ்ந்துவரும் அய்மரா, கெச்சுவா பெண்களுக்கு இந்த இரத்த ஓட்டம் அதிகம். அவர்களின் குழந்தைகள், ஐரோப்பிய வம்சாவளியினரின் குழந்தைகளைவிட எடை கூடிப் பிறக்கின்றன. திபெத்தியரிடமும் இத்தகைய பாதுகாப்பு காணப்படுகிறது.

மலைக்குப் புதிதாகக் குடியேறிய கர்ப்பிணிகளுக்கு முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் நோய்) அபாயமும் கூடுவதால், இரத்த அழுத்தத்தையும் ஸ்கேனில் கருவின் வளர்ச்சியையும் தவறாமல் பார்த்துவர வேண்டும்.